நடு விலகிய இசைத்தட்டு

காலை ஒன்பது பத்து. தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசியைத் தாங்கிய கை அதன்மேல் இடமும் வலமுமாக ஆடியது. ஒலியை நான் இன்னும் கேட்கவில்லை; ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. சரியான தட்டில் அந்தக் கை உள்நோக்கி மட்டுமே நகரும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக. ஆடுகிறது என்றால் தட்டின் நடுத்துளை நடுவில் இல்லை என்று பொருள். அது 'இரும்புக்குள்ள மழை' என்ற ஆல்பத்தின் இரண்டாம் பக்கம். 'உப்புக்காத்து' என்ற குழுவின் முதல் ஆல்பம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய இசைத்தட்டு ஆலை இருக்கிறது. ஒரு பக்கம் உருக்காலை, மறுபக்கம் ரசாயனக் கிடங்கு. அங்கே நான் கேட்பாளனாக இருந்து ஓய்வு பெற்றேன். என் நாற்காலியில் இப்போது ஆள் இல்லை. ஒரு மென்பொருள் கேட்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் சென்ற மாதம் என்னைப் பொன்னேரி ஸ்டேஷனில் பார்த்தபோது, "தினமும் பாட்டு கேட்டுக்கினே சம்பளம் வாங்கினீங்களாமே சார், குடுத்து வச்சவரு" என்றார்கள். நான் பாட்டு கேட்டதில்லை. என்ன கேட்டேன் என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் முதலில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவன். கணினி வந்து அந்த மேசை போனது. பிறகு ஒலிநாடா ஆலையில் வேலை, அது போய்க் குறுந்தகடு, அதுவும் போய்ச் சில வருடங்கள் ஒரு பம்ப் உதிரிபாகக் கிடங்கில் பொருள் எடுத்துக் கொடுத்தேன். கறுப்புத் தட்டுகளை மறுபடி வாங்குகிறார்கள் என்று யாரோ சொன்னபோது நம்பவில்லை. ஆலை திறந்ததும் விண்ணப்பித்தேன். மெய்ப்பு மேசையில் கற்ற ஒரு விதி இங்கேயும் செல்லுபடியானது. பிழை என்று பட்டால் நீயாகத் திருத்தாதே; ஓரத்தில் கேள்விக்குறி போடு. எழுதியவர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கலாம்.

வேலை இதுதான். ஒரு பக்கத்துக்கு ஓர் உலோக அச்சு. இரண்டு அச்சுகளுக்கு நடுவே சூடான பிளாஸ்டிக்கை வைத்து அழுத்தினால் தட்டு. புது அச்சு வந்தால் முதலில் சில சோதனைத் தட்டுகள் எடுப்பார்கள். அதை நான் தொடக்கம் முதல் கடைசிவரை கேட்க வேண்டும். ஒரு முறை ஹெட்போனில், ஒரு முறை ஸ்பீக்கரில், சந்தேகம் இருந்தால் மூன்றாம் முறை. எங்களுக்கென்று நான்கு சொற்கள் இருந்தன. 'டிக்' என்றால் தூசி. 'மூச்சு' என்றால் பின்னணி இரைச்சல். 'பொரி' என்றால் பிளாஸ்டிக் சரியாக உருகாததால் வரும் படபடப்பு, எண்ணெயில் கடுகு போட்டதுபோல் கேட்கும். 'ஆட்டம்' என்றால் நடு விலகல். முதல் மூன்றையும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். ஆட்டத்தில் சுருதியே ஏறி இறங்கும். பாடாததை எல்லாம் பாடியதாக ஆக்கிவிடும்.

உற்பத்திக்கும் தரத்துக்கும் ஒரே மேலாளர், தேவநாதன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கேட்பறைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். எங்களில் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. பிழை என்று எதைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "யாருக்குக் கேக்கும்?" பதில் சொல்ல நேரம் கொடுப்பார், குறுக்கே பேச மாட்டார். அவர் மேசையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் இருக்கும். ஒப்புக்கொள்ளப் போகிறார் என்றால் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். மறுக்கப் போகிறார் என்றால் முதலில் டீ ஊற்றித் தருவார்.

உப்புக்காத்து நான்கு பேர் குழு. நான்கு பேரும் பேட்டையில் வேலை செய்கிறவர்கள். அதில் இருவரைத்தான் எனக்குத் தெரியும். கித்தார் வாசிக்கும் டில்லிபாபு உருக்காலையில் கம்பி இழுக்கும் பிரிவு. பாடுகிறவள் ஸ்டெல்லா, வால்வு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஊர்க் கிறிஸ்தவ சபையில் கீபோர்டு வாசிப்பவள். இவர்கள் செய்தது சைகடெலிக் ராக். எனக்கு அந்த வகை புதிது. கித்தார் முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தலைகீழாக ஓடியது. குரல் ஒரு காதில் தொடங்கி மறு காதில் முடிந்தது. நடுவில் ஒரு நிமிடம் யாரோ தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது. பிழை தேடுகிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான தட்டு கிடைக்காது.

முதல் பக்கத்தின் சோதனைத் தட்டிலேயே நிறுத்தினேன். தொடக்கத்தில் தெளிவான பொரி. மூன்று முறை கேட்டுவிட்டுக் கேள்விக்குறி போட்டேன். பாட்டுகளின் உரிமை சென்னையில் ஒரு வெளியீட்டு நிறுவனத்திடம் இருந்தது. அங்கிருந்து கார்த்திக் என்ற பிரதிநிதி, டில்லிபாபுவையும் ஸ்டெல்லாவையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், எங்க பாட்டுல கடுகு வெடிக்குதுன்னு நிறுத்திக்கினீங்களாமே?" என்றான் டில்லிபாபு.

"வெடிக்குது. கேளுங்க."

அவன் ஹெட்போனை மாட்டிக் கேட்டான். முகம் மலர்ந்துவிட்டது. "சார், இது எங்க மில்லு சார்! காஞ்ச கம்பி மேல தண்ணி உடுவாங்கல்ல, அந்த சத்தம். செல்போன வெளிய வச்சிட்டுதான் உள்ள போவணும். சாப்பாட்டு டப்பாவுல மறச்சி எடுத்துகினு போயி புடிச்சேன். மாட்டியிருந்தா வேல காலி. அத நீங்க தாளிச்சிட்டீங்க."

"உடு டில்லி," என்றாள் ஸ்டெல்லா. "மூணு வாட்டி கேட்டிருக்காரு. நம்ம ஆளுங்களே ஒரு வாட்டிகூட முழுசா கேட்டதில்ல." பிறகு என்னிடம், "எப்டி சார் இருந்துச்சு?" என்றாள்.

"பிழை இல்லாத இடத்த நான் கவனிக்கறதில்லம்மா."

"எங்க பாஸ்டரும் இதான் சொல்வாரு," என்றாள்.

கார்த்திக் சிரிக்கவில்லை. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாகிவிட்டது என்று தேவநாதனிடம் சொன்னார். அன்று மாலை தேவநாதன் எனக்கு டீ ஊற்றினார். "தப்பு சொல்லல. நிறுத்தினது சரிதான்," என்றார். "ஆனா சைகடெலிக்னா என்னன்னு நானும் படிச்சுப் பார்த்தேன். மனசு மயங்கற மாதிரி இருக்கணுமாம். அப்படின்னா இந்தத் தட்டுல வினோதமா எது கேட்டாலும் அது அவங்க போட்டதுன்னுதான் எடுத்துக்கணும். எல்லாம் அடக்கம்." அந்தத் தட்டின் வேலை அட்டையில் அவரே அந்தச் சொல்லை எழுதினார். விலைப் பட்டியலில் 'வரி அடக்கம்' என்று போடுவார்களே, அதே பொருளில்.

கிளம்பும் முன் ஸ்டெல்லா கேட்பறைக்குத் திரும்பி வந்தாள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாள்.

"அதுல ஒண்ணுமே இல்ல சார். டில்லி இல்ல, டிரம்மு இல்ல, எக்கோ இல்ல. ஆர்கன்ல ஒரே சுரம். அது மேல நான். ஆடாம அசங்காம அப்டியே நிக்கும். மொத்த ரெக்கார்டும் சுத்தி சுத்தி வந்துட்டு அங்கதான் தரையில கால வைக்கும். அது மட்டும் நேரா வரணும்."

"ஏம்மா, அது மட்டும்?"

அவள் அப்பா சாமுவேல் உருக்காலையில் வேலை பார்த்து முடித்தவர், சபையில் மூப்பர். குழுவைப் பற்றி எங்கோ வந்த ஒரு சிறு செய்தியில் 'போதை இசைக்குழு' என்று போட்டிருந்தார்கள். 'சைகடெலிக்' என்ற ஆங்கிலச் சொல்லை யாரோ அப்படிப் பெயர்த்திருந்தார்கள். அதைச் சபையில் ஒருவர் வெட்டி எடுத்துவந்து பாஸ்டரிடம் காட்டினார். பெண்ணைக் கீபோர்டிலிருந்து எழுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தது. பாஸ்டர் நியாயமானவர், ஆல்பம் வரட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்றார்.

"நைனா இன்னும் எங்கிட்ட பேசறாரு. ஆனா மூஞ்ச பாத்து பேசறதில்ல," என்றாள். "கடைசிப் பாட்ட மட்டும் கேளுன்னு சொல்லியிருக்கேன். குடிச்சவளால அப்டி ஒரு சுரத்த நிறுத்த முடியாது. அது அவருக்குத் தெரியும். அவரும் பாடறவருதான்."

இரண்டாம் பக்கத்தின் முதல் அச்சில் எடுத்த சோதனைத் தட்டு நேராகவே வந்தது; ஆனால் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே அந்த அச்சு விரிசல் விட்டது. அவசரத்துக்கு இன்னொன்று எடுத்தார்கள். அச்சின் நடுவில் துளை போடும் இயந்திரத்தில் ஒரு கேமரா உண்டு. அச்சிலுள்ள ஒலி வரிகள் ஆடாமல் சுற்றுகின்றனவா என்று அதில் பார்த்துத்தான் துளை போட வேண்டும். அந்த வாரம் கேமரா பழுது. கண்ணால் பார்த்துப் போட்டார்கள். அந்த அச்சில் எடுத்த சோதனைத் தட்டுதான் காலை ஒன்பது பத்துக்கு என் முன்னால் ஆடியது.

ஹெட்போனை மாட்டினேன். முன்பாதிப் பாட்டுகளில் ஆட்டம் ஒளிந்துகொண்டது. அவை ஏற்கெனவே ஆடுகிற பாட்டுகள். நடு விலகல் உள்வட்டத்துக்குப் போகப் போக மோசமாகும். கடைசிப் பாட்டு இருப்பது அங்கே. ஒரே சுரம், தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, தொங்கி எழுந்தது. அவள் குரலும் கூடவே தொங்கி எழுந்தது. சாராயக் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி.

அளந்தேன். பூஜ்யம் புள்ளி ஆறு மில்லிமீட்டர். எங்கள் எல்லை பூஜ்யம் புள்ளி இரண்டு.

தேவநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், கேட்டார், என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போய் பிளாஸ்கைத் திறந்தார்.

"யாருக்குக் கேக்கும்?"

"அந்தப் பொண்ணுக்குக் கேக்கும்."

"வாங்கறவங்களுக்கு?"

"கடைசிப் பாட்டுல எல்லாருக்கும் கேக்கும் சார். மறைக்கறதுக்கு அதுல வேற சத்தமே இல்ல."

"மத்த பாட்டெல்லாம் ஆடுது. இதுவும் ஆடினா அதோட அடக்கம்னுதானே நினைப்பாங்க?"

"இது ஆடக்கூடாதுன்னு பாடினவங்களே சொன்னாங்க."

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். "போன தடவையும் நீங்க உறுதியாத்தான் சொன்னீங்க. பொரின்னீங்க. கடைசில அது அவங்க மில்லு." இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். புது அச்சுக்கு ஒரு வாரம் ஆகும், விழாவுக்கு அதைவிடக் குறைவான நாள்களே இருந்தன. என் சொல்லுக்கு எதிராக வைக்க அவரிடம் என் சொல்லே இருந்தது.

வாடிக்கையாளரைக் கேட்டுவிடலாம் என்று கார்த்திக்கை அழைத்தார். கடைசிப் பாட்டை ஸ்பீக்கரில் ஓட்டி, போனை அதன் அருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இது செமயா இருக்கு," என்றது போன். "மிக்ஸ்ல இப்படி இல்லையே? எப்படி சார் பண்ணீங்க?"

"பண்ணல. துளை கொஞ்சம் விலகியிருக்கு."

"அப்படியே விடுங்க சார். தொடாதீங்க."

ஸ்டெல்லாவுக்கு உடனே போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை; அவள் கம்பெனியிலும் வேலை நேரத்தில் போன் வாசல் கேட்டில் பெட்டிக்குள் இருக்கும். ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு என் அழைப்பைப் பார்த்து, திரும்ப அழைத்து விவரம் கேட்டுக்கொண்டு, பேருந்துக்குக் காத்திராமல் நடந்தே வந்தாள். நேராகத் தேவநாதன் அறைக்குப் போனாள். நான் கதவருகே நின்றேன். அவளுக்கும் டீ ஊற்றினார்.

"எனக்கு டீ வாணாம் சார். மிஷின நிறுத்துங்க."

"எங்க வாடிக்கையாளர் அந்த நிறுவனம்மா. நீங்க இல்ல. அவங்க சொன்னா நிறுத்திடறேன்."

அவள் அங்கேயே நின்று கார்த்திக்கிடம் பேசினாள். பேச்சு நீளவில்லை. "அக்கா, பயப்படாதீங்க. பாத்துக்கினே இருங்க, இதத்தான் எல்லாரும் பேசப் போறாங்க," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"எவ்ளோ சார் ஆடுது?"

கையை நீட்டி ஏற்றி இறக்கிக் காட்டினேன்.

"அவ்ளோவா," என்றாள். பிறகு தேவநாதனிடம், "நான் குடிக்கறதில்ல சார். அத எதுலயாவது எழுதி ஒட்டி அனுப்புவீங்களா?" என்றாள். அவர் பிளாஸ்கை மூடினார். அச்சு இயந்திரம் அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திக் சொன்னபடியே நடந்தது. ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கடைசிப் பாட்டில் வந்து நின்றார்கள். 'மயக்கத்தின் விளிம்பில் தள்ளாடும் குரல்' என்று ஒருவர். 'சுருதி தன்னையே கைவிடும் கணம்' என்று ஒருவர். நிறுவனம் இணையத்தில் ஏற்றியிருந்த சுத்தமான ஒலிப்பதிவை எடுத்துவிட்டு, தட்டிலிருந்து பதிவு செய்த ஆட்டத்தை ஏற்றியது. அதன் பிறகு தட்டு வாங்காதவர்களும், தட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களும் போனில் அதைத்தான் கேட்டார்கள். பாஸ்டரும் போனில் கேட்டார். மறு ஞாயிறு கீபோர்டில் வேறு ஒருவர் உட்கார்ந்தார்.

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். ஊத்துக்கோட்டை போகும் வழியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். சாமுவேல் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பேனாவைத் துளையில் செருகி மேசைமேல் நிறுத்தி, தட்டைக் கையால் சுற்றிக் காட்டினேன். துளையைச் சுற்றித் தட்டு ஒழுங்காகத்தான் சுற்றியது. வரிகள் மட்டும் கிட்டே வந்து தூரப் போயின. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மில்லில் உருளை நடு விலகினால் கம்பி எப்படி வரும் என்று அறிந்தவர்; இரண்டாம் சுற்றிலேயே புரிந்துகொண்டார்.

"சென்டர் அவுட்டு," என்றார்.

"ஆமா."

"ஓட்ட தப்பு. பாட்டு சரி."

"அதேதான். உங்க பொண்ணு நேராத்தான் பாடியிருக்கு. நான் முதல் அச்சுல கேட்டேன்."

கொஞ்ச நேரம் தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு வெளங்கிச்சி சார். எங்க சபையில இருக்கற ஊடு ஊடா பேனா எத்துகினு வருவீங்களா?"

உள்ளேயிருந்து வெளியே வந்த ஸ்டெல்லா, "நைனா, உடு. அவரு இன்னா பண்ணுவாரு," என்றாள்.

"நான் அவர ஒண்ணும் சொல்லலம்மா," என்றார் சாமுவேல். அன்று அவர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். நான் அங்கே போனதில் கிடைத்தது அது ஒன்றுதான்.

முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. இரண்டாம் பதிப்புக்குத் தேவநாதன் புது அச்சு எடுக்கச் சொன்னார். கேமரா சரியாகியிருந்தது. யாரும் கேட்காமலே, துளையைச் சரியாகப் போடும்படி அவரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். இதையும் எழுத வேண்டும். சோதனைத் தட்டு வந்ததும் ஸ்டெல்லாவைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடவில்லை. ஊசிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும், "ஆடல," என்றாள். அப்புறம் மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். இணையத்திலும் இதையே ஏற்றச் சொல்லிக் கார்த்திக்கிடம் கேட்டதாகச் சொன்னாள். ஆடுகிற பதிவுதான் ஓடுகிறது, அதைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டாராம். "பரவால்ல. தட்டுலனாச்சும் நேரா இருக்கே," என்றாள்.

இரண்டாம் பதிப்பின் தட்டுகள் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஒன்றிரண்டைப் பிரித்துக் கேட்டேன். டிக் இல்லை, பொரி இல்லை, மூச்சு இல்லை. கார்த்திக்கை அழைத்துக் குறை என்ன என்று தேவநாதன் விசாரித்தார். வாங்கியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: கடைசிப் பாட்டில் குரல் நடுங்கவில்லை.

மேடையிலும் அதையே கேட்டார்கள். டில்லிபாபு ஒரு கருவி வாங்கினான். காலால் அழுத்தினால் எந்தக் குரலும் தொங்கி எழும். ஸ்டெல்லா இரண்டு நிகழ்ச்சிகளில் அதோடு பாடினாள். மூன்றாவதற்குப் போகவில்லை. இப்போது வேறொரு பெண் பாடுகிறாள். ஸ்டெல்லா வால்வு கம்பெனியிலேயே இருக்கிறாள். சபைக்குப் போகிறாள், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து பாடுகிறாள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் மூன்றாம் பதிப்புக்கு உத்தரவு வந்தது. துளையை விலக்கிப் போட வேண்டும், முதல் பதிப்பில் இருந்த அதே அளவு என்று நிறுவனம் கேட்டிருந்தது. அந்தப் பதிப்பின் அச்சை உருக்கிவிட்டார்கள். தேவநாதன் என் அறைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அளவு என்ன என்று கேட்டார். சொன்னேன். கேமராவில் பார்த்து, பிசகாமல், பூஜ்யம் புள்ளி ஆறு மில்லிமீட்டர் தள்ளித் துளை போட்டார்கள். சோதனைத் தட்டைக் கேட்டு நான்தான் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் பதிப்பின் உறையில் பொன்னிறத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் 'அசல் ஒலி' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.